கடல்மேல் செல்வோர்க்கு இணையம்



நான் இன்று கடலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிந்த நண்பர் ஒருவர், “கேழ்வரகும் மாவும் விளைகின்ற தர்மபுரியில் இருந்துகொண்டு கடலைப் பற்றி என்ன பேசப் போகிறீர்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. இம்மாவட்டத்துப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் கணக்கும் அறிவியலும் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். வங்கக் கடலின் கரை நம் ஊரிலிருந்து நேர்கோட்டில் 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. எனினும் கடல் நமக்கு முற்றிலும் அயலானது அன்று. ஒகேனக்கல்லில் பாறைமீது விழுந்து புகைபோல் எழுகின்ற காவிரிநீரே பூம்புகாரில் கடலோடு கலக்கிறது. நாம் உண்ணும் உப்பு கடல் தந்தது. நம் வண்டிகளில் எரியும் எண்ணெயில் பெரும்பகுதி கடல்வழியே வந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் சிலர் இன்று கப்பல்களில் பணி புரிகின்றனர். அவர்களுள் ஒருவனால்தான் இப்பொருளைப் பற்றி நான் எண்ணத் தொடங்கினேன்.

அவன் பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். என்னிடம் கணக்குப் படித்தவன். தந்தையார் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர். தந்தை ஆற்றில் துடுப்புப் போட்டார். மகன் கடலில் சரக்குக் கப்பலில் மாலுமியானான். 2009ஆம் ஆண்டு ஒரு நாள் மாலை அந்தத் தந்தையார் என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். “ஐயா, அவன் தாய் இன்று காலை போய்விட்டாள். அவனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை” என்றார். அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதில் மும்பையிலுள்ள முகவர் அலுவலகம் ஒன்றின் தொலைபேசி எண் எழுதப்பட்டிருந்தது. நான் அவ்வெண்ணை அழைத்தேன். மின்னஞ்சல் முகவரி ஒன்றைக் கொடுத்தார்கள். கடைத்தெருவிலிருந்த கணினி நிலையத்திற்குச் சென்று செய்தியை அனுப்பினேன். கப்பல் அப்போது அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே சென்றுகொண்டிருந்தது.

மகனின் குரலை நாங்கள் கேட்டது பதினொன்றாம் நாள், கப்பல் ஒரு துறைமுகத்தை அடைந்த பின்னரே. கப்பலில் செயற்கைக்கோள் தொலைபேசி இல்லாமல் இல்லை. மாலுமிகள் பேசுவதற்கு அட்டை வாங்க வேண்டும். அந்த அட்டையின் விலையோ மிகுதி. அவன் வாங்கியிருந்த அட்டையில் நிமிடங்கள் தீர்ந்துவிட்டன. பின்னாளில் என்னைக் கண்டபோது அவன் சொன்னான்: “ஐயா, அதற்கு ஆறு வாரம் முன்பு அம்மாவோடு பேசினேன். அம்மா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் நிமிடம் தீர்ந்து இணைப்பு அறுந்துவிட்டது. என்ன கேட்டாள் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.”

இதைக் கேட்டபின் என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. சந்தையில் காய் விற்கும் அம்மையார்கூடக் கையில் இணையத்தை வைத்திருக்கும் காலம் இது. அவ்வாறிருக்க, கடலில் இருப்பவனுக்கு மட்டும் அது ஏன் கிடைப்பதில்லை? கிடைத்தாலும் ஏன் அவ்வளவு விலை? அவ்விலையைக் குறைக்க வழி உண்டா? இக்கேள்விகளுக்கு நான் கற்றறிந்த விடைகளை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். ‘கடலில் இருப்போர்’ என்னும் சொல் ஒன்றாயினும் அவர்கள் ஒரே வகையினர் அல்லர். காலையில் வல்லத்திலோ கட்டுமரத்திலோ சென்று, அன்றே கரை திரும்பும் மீனவர் ஒரு வகையினர். விசைப்படகில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்று, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் மீனவர் மற்றொரு வகையினர். மாதக்கணக்கில் உலகக் கடல்களைக் கடந்து செல்லும் கப்பல் மாலுமிகள் மூன்றாம் வகையினர். இம்மூவருக்கும் தேவை வேறு, தொலைவு வேறு, ஆதலால் மருந்தும் வேறு.

இனி, கைப்பேசி கடலில் ஏன் ஊமையாகிறது என்று பார்ப்போம். கைப்பேசி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. உலகமோ உருண்டை. ஆகவே, கரையிலிருந்து படகு விலக விலக, கடலின் வளைவு இடையில் மேடுபோல் எழுந்து கோபுரத்தை மறைத்துவிடுகிறது. வத்தல்மலைமேல் ஏறி நின்றால் சமவெளியில் நின்று காண்பதைவிட நெடுந்தொலைவு காண்கிறோம் அல்லவா? அதே முறைதான் இங்கும். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள்; அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். வானொலி அலை எட்டும் தொலைவு ஏறக்குறையக் கிலோமீட்டரில் கிடைக்கும். கண்ணால் காணும் தொலைவாயின் 3.57 ஆல் பெருக்க வேண்டும். வானொலி அலை காற்று மண்டலத்தில் சிறிது வளைந்து செல்வதால் இவ்வேறுபாடு உண்டாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரையிலுள்ள கோபுரத்தின் உயரம் 49 மீட்டர். அதன் வர்க்கமூலம் 7, அதை 4.12 ஆல் பெருக்க, ஏறக்குறைய 29 கிலோமீட்டர். படகின் பாய்மரத்தில் 9 மீட்டர் உயரத்தில் ஓர் ஏற்பியைக் கட்டினால் அதன் பங்கு 3 பெருக்கல் 4.12, அதாவது 12 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 41 கிலோமீட்டர். இதற்கு அப்பால் கடலின் வளைவு இடையே வந்துவிடும். கையில் பிடித்த கைப்பேசிக்கு வலிமையும் குறைவு, உயரமும் குறைவு; ஆதலால் அது இத்தொலைவை அடையுமுன்னரே ஓய்ந்துவிடுகிறது.

கோபுரத்தை இன்னும் உயர்த்தலாமே என்று உங்களுள் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் தொலைவு இருமடங்காக வேண்டுமாயின் உயரம் நான்கு மடங்காக வேண்டும்; இதுவே வர்க்கமூலத்தின் இயல்பு. நம் நாட்டுக்கு உரிய பொருளாதாரக் கடற்பரப்பு கரையிலிருந்து 200 கடல்மைல், அதாவது ஏறக்குறைய 370 கிலோமீட்டர் வரை பரந்துள்ளது. கரையில் நிற்கும் ஒரே கோபுரத்தால் அதன் விளிம்பை எட்ட எண்ணினால், அக்கோபுரம் 8,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்க வேண்டும். எவரெஸ்டுச் சிகரத்தின் உயரமே 8,849 மீட்டர்தான்! கணக்கு இங்கே நமக்கு ஒரு வழியை அடைத்து, வேறு வழி தேடச் சொல்கிறது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. உலகின் இணையச் செய்திகளில் மிகப் பெரும்பகுதி கடலுக்கு அடியிலேயே செல்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடிக் கண்ணாடியிழை வடம் ஒன்று 2002ஆம் ஆண்டிலேயே பயனுக்கு வந்தது. சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கு ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள வடம் 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. தீவில் வாழ்வோர்க்கு அது பெரும்பேறு. ஆனால் அவ்வடத்தின்மேல் மிதந்து செல்லும் மீனவனுக்கோ அதனால் ஒரு பயனும் இல்லை. மூடிய குழாயின்மேல் நின்றுகொண்டு தாகத்தால் வாடுபவனைப் போன்றவன் அவன். வடம் நிலையான இரு கரைகளை இணைக்க வல்லது. அசைந்துகொண்டே இருக்கும் படகுக்கு அலைதான் துணை.

கரையை அடுத்துத் தொழில் செய்வோர்க்கு முதலில் கிடைத்த உதவி மிக எளிமையானது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு தொடங்கிப் புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைத்தது. கடற்கரை ஊரில் ஒரு கணினி. அதில் அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு பெறப்படும். அதை ஊர் மொழியில் ஒலிபெருக்கி வழியே அறிவிப்பர். படகை நீரில் தள்ளுமுன் மீனவர் அதைக் கேட்டுச் செல்வர். படகில் இணையம் இல்லை. ஆனால் இணையத்தின் பயன் படகுக்குப் போய்ச் சேர்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, நல்லவாடு என்னும் மீனவ ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார். அவ்வூர் மையத்தின் ஒலிபெருக்கி உடனே முழங்கியது. வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஆனால் 3,000-க்கும் மேற்பட்ட அவ்வூர் மக்களின் உயிர்கள் தப்பின. ஆளுக்கு ஒரு கருவி இல்லாவிடினும், ஊருக்குப் பொதுவாய் ஒன்று இருந்தால் மலிவாகவும் காக்கலாம் என்பதற்கு நல்லவாடு சான்றாக நிற்கிறது. பாம்பனில் 2016இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ என்னும் சமூக வானொலியும் இம்மரபில் வந்ததே.

ஒலிபெருக்கி கரையோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் ஓர் அடி எடுத்து வைத்தவர்கள் கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துக் கரையில் உள்ள அமிர்த விசுவ வித்யாபீடத்து ஆராய்ச்சியாளர்கள். ‘ஓஷன்நெட்’ என்னும் அமைப்பை அவர்கள் உருவாக்கினர். வீடுகளில் பயன்படும் வைஃபை அலைகளையே நெடுந்தொலைவு செல்லுமாறு செய்து, கரையில் உயரமான கட்டடத்தின்மேல் ஒரு நிலையம் அமைத்தனர். படகின்மேல் ஓர் ஏற்பி. படகுக்குள் சிறு கருவி ஒன்று. அதனோடு மீனவர் தம்முடைய கைப்பேசியையே இணைத்துக்கொள்வர். புதுக்கருவி ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. ஒரு படகு பெற்ற அலையை அதற்கு அப்பால் உள்ள படகுக்குக் கைமாற்றித் தருவதும் இதில் உண்டு. தீப்பற்றிய வீட்டை அணைக்க வரிசையில் நின்று குடத்தைக் கைமாற்றுகிறோமே, அதுபோல. இம்முறையால் 40 கிலோமீட்டர் என்னும் எல்லை 60 கிலோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. உரிமக் கட்டணம் இல்லாத அலைவரிசை, மலிவான உறுப்புகள், பகிர்ந்துகொள்ளும் படகுகள்: இம்மூன்றும் சேர்ந்து விலையைக் குறைக்கின்றன. ஆயினும் குடம் வாங்க ஆள் இல்லாத இடத்தில் வரிசை அறுந்துவிடும். தனியே நெடுந்தொலைவு செல்லும் படகுக்கு இம்முறை உதவாது.

அத்தகைய படகுகளின் துயரத்தை நாடு முழுவதும் அறிந்த ஆண்டு 2017. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியது. தூத்தூர் முதலிய ஊர்களைச் சேர்ந்த மீனவர் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பெயர் பெற்றவர்கள். அவர்களுள் பலர் பல நாள்களுக்கு முன்னரே கரையை விட்டு நெடுந்தொலைவு சென்றிருந்தனர். கரையில் எச்சரிக்கை ஒலித்தபோது, அதைக் கேட்க வேண்டியவர்கள் கரையில் இல்லை. படகிலிருந்த வி.எச்.எஃப். பேசு கருவிகளும் நாம் முன்னர்ப் போட்ட கணக்குக்கு உட்பட்டவையே. 9 மீட்டர் உயர ஏற்பிகளைக் கொண்ட இரு படகுகள் 25 கிலோமீட்டர் அளவிலேதான் ஒன்றோடொன்று பேச முடியும். அவ்வளவு சிறு எட்டிலும் ஒரு படகு மறு படகுக்குச் செய்தி சொல்லிச் சிலர் கரை சேர்ந்தனர். தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்களில் தந்தையோ மகனோ திரும்பி வரவில்லை. நெய்தல் நிலத்துக்கு உரிய ஒழுக்கம் இரங்கல் என்று இலக்கண வகுப்பில் படிக்கிறீர்கள். அவ்வாண்டு கிறித்துமசுப் பண்டிகையின்போது அக்கரையில் நின்ற பெண்களுக்கு அது பாடநூலில் உள்ள சொல்லாக இருந்திருக்காது.

கரைக்கோபுரம் எட்டாத இடத்தில் வானத்தையே நம்ப வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் வைக்கப்படும் செயற்கைக்கோள், உலகம் சுழலும் அதே கதியில் சுற்றுவதால் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோல் தோன்றும். அத்தகைய ஒன்றே உலகின் மூன்றில் ஒரு பங்கைக் காணவல்லது. அப்படியாயின் எல்லாப் படகுகளுக்கும் உடனே இணையம் கொடுத்துவிடலாமே? இங்கேதான் விலை குறுக்கிடுகிறது. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் அலை மிக மெலிந்தது. படம், பேச்சு முதலியவற்றை ஏராளமாக வாங்கவும் அனுப்பவும் பெரிய கிண்ண வடிவ ஏற்பி வேண்டும். அலையில் ஆடும் படகில் அக்கிண்ணம் எப்போதும் செயற்கைக்கோளையே நோக்கி நிற்க, அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும் பொறியும் வேண்டும். சிறிய படகுக்காரர் இதை எவ்வாறு வாங்குவார்?

ஆனால் மாணவர்களே, ஓர் அஞ்சலட்டையையும் ஒரு மூட்டைப் பொதியையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் அஞ்சல் நிலையத்தின் வழியேதான் செல்கின்றன. ஆயினும் அஞ்சலட்டைக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. “புயல் வருகிறது, திரும்பி வா” என்பதற்குச் சில எழுத்துகள் போதும். “படகு கவிழ்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறோம்” என்பதற்கும் சில எழுத்துகளே போதும். எழுத்துகள் சில என்றால், மெல்ல அனுப்பலாம். மெல்ல அனுப்பினால் சிறு ஏற்பியும் சிறு மின்கலமும் போதும். இவ்வுண்மையே மலிவான கருவிகளுக்கு வழி திறந்தது.

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்னும் சிறு கருவியை அறிமுகம் செய்தன. விமானங்களுக்கு வழிகாட்டுவதற்காக அமைந்த ‘ககன்’ என்னும் செயற்கைக்கோள் வசதியை அது பயன்படுத்திக்கொள்கிறது. புயல் எச்சரிக்கையும், மீன் மிகுதியாய்க் கிடைக்கக்கூடிய இடமும் அதன்வழி வந்து மீனவரின் கைப்பேசியில் தோன்றும். அதில் குறை ஒன்று உண்டு. வானொலிப் பெட்டியைப் போல அது கேட்க மட்டுமே உதவும். படகிலிருந்து திருப்பிச் சொல்ல இயலாது.

அக்குறையைத் தீர்க்க வந்தது இருவழிக் கருவி. டிரான்ஸ்பாண்டர் என்று அதனை அழைக்கின்றனர். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் உருவான அதனை 1,00,000 மீன்பிடிப் படகுகளில் விலையின்றிப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30ஆம் நாள் மகாராட்டிரத்தில் பால்கர் நகரில் தொடங்கி வைக்கப்பட்டது. இதன்வழி கரையிலிருந்து எச்சரிக்கை வரும். ஆபத்தில் அகப்பட்டவர் கரைக்குச் செய்தி அனுப்பலாம். அயல்நாட்டுக் கடலெல்லையைப் படகு நெருங்கினால் அதுவும் தெரியவரும். பாக்கு நீரிணையில் தொழில் செய்யும் நம் மீனவர்க்கு இக்கடைசிப் பயன் எவ்வளவு பெரிது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. இத்திட்டத்தின் மதிப்பு ஏறக்குறைய 360 கோடி ரூபாய். இதை 1,00,000 படகுகளுக்கு வகுத்துப் பாருங்கள்: படகு ஒன்றுக்கு ஏறக்குறைய 36,000 ரூபாய். ஒரு படகில் பத்துப் பேர் செல்வதாகக் கொண்டால் ஆளுக்கு 3,600 ரூபாய். ஓர் உயிரின் எதிரே வைத்து நோக்கும்போது இத்தொகையைப் பெரிது என்று யார் சொல்வார்?

இனி மூன்றாம் வகையினராகிய கப்பல் மாலுமிகளைப் பார்ப்போம். இவர்களுக்கு வேண்டியது எச்சரிக்கை மட்டும் அன்று. அதற்குரிய கருவிகள் கப்பல்களில் பன்னாட்டுச் சட்டத்தின்படியே உள்ளன. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பின்னர், 1914ஆம் ஆண்டிலேயே கடலில் உயிர்காப்பு பற்றிய முதல் பன்னாட்டு உடன்படிக்கை எழுந்தது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் முயற்சியால் 1979இல் ‘இன்மார்சாட்’ என்னும் செயற்கைக்கோள் அமைப்பும் தோன்றியது. கப்பலின் உயிரைக் காக்க வழி பிறந்தது. கப்பலில் உள்ளவனின் உள்ளத்தைப் பற்றி உலகம் நினைக்க நெடுங்காலம் ஆயிற்று. சரக்குக் கப்பல் ஒன்றில் இருபது அல்லது இருபத்தைந்து பேர் இருப்பர். ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று வீட்டைப் பிரிந்து வாழ்வர். உலகில் அத்தகைய மாலுமிகள் ஏறக்குறைய 18.9 லட்சம் பேர் என்று 2021ஆம் ஆண்டு மதிப்பிடப்பட்டது. அவர்களுள் இந்தியர் கணிசமான தொகையினர்.

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது நாடுகள் தம் துறைமுகங்களை மூடிக்கொண்டன. ஒப்பந்தக் காலம் முடிந்தும் கப்பலை விட்டு இறங்க முடியாமல் அவ்வாண்டு இறுதியில் ஏறக்குறைய 4,00,000 மாலுமிகள் தவித்தனர். வீட்டில் யாருக்கு நோய், யார் பிழைத்தார் என்று அறிய அவர்களுக்கு இருந்த ஒரே வழி கப்பலில் இருந்த இணையம். சில கப்பல்களில் அது தாராளமாய் இருந்தது. சிலவற்றில் துளித்துளியாய் விற்கப்பட்டது. கடலில் இணையம் ஆடம்பரமா, அடிப்படைத் தேவையா என்னும் வாதத்துக்கு அந்த ஓராண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது எனலாம்.

அதன் பின்னர் இரண்டு மாறுதல்கள் நிகழ்ந்தன. ஒன்று அறிவியலால் வந்தது. 35,786 கிலோமீட்டருக்குப் பதிலாக 550 கிலோமீட்டர், 1,200 கிலோமீட்டர் போன்ற தாழ்ந்த உயரங்களில் செயற்கைக்கோள்களைச் சுற்றவிட்டனர். உயரமான செயற்கைக்கோளுக்குச் சென்று செய்தி இறங்கி வர ஏறக்குறையக் கால் விநாடி ஆகும். 550 கிலோமீட்டராயின் விநாடியில் இருநூற்று ஐம்பதில் ஒரு பங்கே போதும். அலையும் வலுவாக வருகிறது. ஏற்பியும் தட்டையாய்ச் சிறுத்துவிட்டது. ஆனால் தாழ்ந்த செயற்கைக்கோள் ஓரிடத்தில் நிற்காது. தலைக்குமேல் விரைந்து ஓடிவிடும். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாய் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேண்டும். ‘ஒன்வெப்’ என்னும் அமைப்புக்காக நம் சிறீஅரிகோட்டாவிலிருந்தே 2022 அக்டோபரில் 36, 2023 மார்ச்சில் 36 என 72 செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. ‘ஸ்டார்லிங்க்’ அமைப்பு ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களை இயக்குகிறது. இவற்றுக்கிடையே எழுந்த போட்டியால் கப்பலில் இணையத்தின் தரம் உயர்ந்தது. அதே செலவில் பெறும் அளவும் பெருகியது. நம் நாட்டிலும் கப்பல்களுக்கும் வானூர்திகளுக்கும் இணையம் அளிப்பதற்கான விதிகள் 2018 டிசம்பரில் வெளியிடப்பட்டன.

மற்றொரு மாறுதல் சட்டத்தால் வந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. இந்தியா 2015இல் அதனை ஏற்றது. அவ்வுடன்படிக்கைக்கு 2022இல் கொண்டுவந்த திருத்தங்கள் 2024 டிசம்பர் 23ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. இயன்ற வரையில் மாலுமிகளுக்கு இணைய வசதி அளிக்கவேண்டும் என்றும், கட்டணம் வாங்குவதாயின் அது நியாயமான அளவில் இருக்கவேண்டும் என்றும் அவை கூறுகின்றன.

‘நியாயமான அளவு’ என்றால் எவ்வளவு? சட்டம் அதற்கு ஓர் எண்ணைக் கூறவில்லை. கணக்கு ஆசிரியனாகிய எனக்கு அளவுகோல் இல்லாத சொல் மனநிறைவு தருவதில்லை. ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டிய அளவுகோல் ஒன்றைச் சொல்கிறேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள். ரூபாயிலோ டாலரிலோ விலையை அளக்காதீர்கள். உழைப்பில் அளந்து பாருங்கள். கப்பலில் மிகக் குறைந்த ஊதியம் பெறுபவன் தன் வீட்டாரோடு ஒரு மணிநேரம் பேச எத்தனை மணிநேரம் உழைக்க வேண்டியிருக்கிறது? தலைவனுக்கு அற்பமாகத் தோன்றும் விலை சமையற்காரனுக்கு ஒரு நாள் கூலியாக இருக்கலாம். அவனால் தயங்காமல் கொடுக்கக்கூடிய விலையே நியாயமான விலை. அதற்கும் மேலாக, உயிரைக் காக்கும் செய்திக்கும், வீட்டில் சாவு, நோய் என்று வரும் செய்திக்கும் விலையே இருத்தல் ஆகாது. ஏற்பியை அமைப்பதற்குப் பெருஞ்செலவு ஆனபின், அதன்வழிச் செல்லும் நாலு வரிச் செய்திக்கு ஆகும் செலவு மிக அற்பம்.

மறுபக்கத்தையும் கூறாவிடின் நான் நேர்மையானவன் ஆகேன். இணையம் வந்தபின், முன்பு உணவுக்குப்பின் ஒன்றாய் அமர்ந்து சீட்டாடியவர்கள் இன்று தத்தம் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று என் மாணவனே சொன்னான். உறங்க வேண்டிய நேரத்தில் திரையைப் பார்த்துவிட்டுக் காவற்பணிக்கு வருபவன் கப்பலுக்கே இடர். வீட்டுச் சண்டையும் கடன்காரன் குரலும் நடுக்கடல் வரை துரத்தி வருகின்றன. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை ஒழுங்குமுறையால் தீர்க்கத்தக்கவை. பணியில் இருக்கும்போது பயன்படுத்தலாகாது என்று விதி செய்யலாம். உறக்க நேரத்தைக் காக்கலாம். ஆற்றில் பிள்ளைகள் தவறி விழக்கூடும் என்பதற்காக எவரும் ஆற்றை மூடுவதில்லை. படித்துறை கட்டி, நீந்தக் கற்றுத் தருகிறோம்.

இத்துறையில் செய்யவேண்டிய பணி இன்னும் மிகுதி. டிரான்ஸ்பாண்டர் படகின் உயிரைக் காக்கிறது. ஆனால் இருபது நாள் ஆழ்கடலில் கிடக்கும் மீனவர் தம் மகளோடு பேச இன்றும் மலிவான வழி இல்லை. உப்புக்காற்றில் பழுதுறாத, கதிரவன் ஒளியில் இயங்குகின்ற, விசைப்படகுக்காரர் வாங்கக்கூடிய ஏற்பி ஒன்றை அமைப்பவர் உங்களுள் ஒருவராக இருக்கலாம். கடலைக் கண்டிராத ஊரில் பிறந்தோம் என்று தயங்கவேண்டாம். நான் இன்று கூறியவற்றுள் பெரும்பகுதி உங்கள் வகுப்பறையில் உள்ள வர்க்கமூலமும், ஒளியின் வேகமும், வகுத்தல் கணக்குமே.

என் மாணவன் இப்போதும் கப்பலில்தான் இருக்கிறான். கடந்த பொங்கலன்று காலை என் கைப்பேசி ஒலித்தது. எடுத்தேன்; திரையில் அவன் முகம். “ஐயா, இந்துமாக் கடலில் இருக்கிறோம், பொங்கல் வாழ்த்து!” என்றான். பிறகு கைப்பேசியைத் திருப்பி எனக்குக் கடலைக் காட்டினான். கண்ணுக்கு எட்டிய வரை நீர். கரை என்பதே இல்லை. “அப்பாவோடு பேசினாயா?” என்று கேட்டேன். “ஒரு மணிநேரம் பேசினேன் ஐயா. அவருக்குத்தான் பேச்சு தீர்ந்துவிட்டது, எனக்கு நிமிடம் தீரவில்லை” என்றான்.

பரிசல் ஓட்டிய அம்முதியவருக்கு இன்று கிடைத்திருக்கும் அந்த ஒரு மணிநேரம், தூத்தூரிலும் இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் கரையில் காத்திருக்கும் ஒவ்வொரு முதியவருக்கும் கிடைக்க வேண்டும்.